அரிய நோயாளிகளின் விவரங்களுக்குப் பொதுப் பதிவேடு கோரும் மனு

அனுப்புநர்
ஒட்டுறுப்பு அறுவைச் சிகிச்சை (பிளாஸ்டிக் சர்ஜரி) துறை மற்றும் இரைப்பை குடல் மருத்துவத் துறை மருத்துவர்கள்,
அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

பெறுநர்
உயர்திரு செயலாளர் அவர்கள்,
சுகாதாரத் துறை.

பொருள்: பிளாஸ்டிக் சர்ஜரி, செரிமான மண்டல மருத்துவம் ஆகிய துறைகளுக்கு வரும் அரிய நோயாளிகளின் விவரங்களைத் தொகுக்கப் பொதுப் பதிவேடு அமைத்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அபூர்வமாக வரும் ஒரு நோயாளியிடம் நாங்கள் கற்றுக்கொள்வது, அவர் வீடு திரும்பியதும் கேஸ் ஷீட்டோடு ரெகார்டு ரூமுக்குப் போய்விடுகிறது. அடுத்த மருத்துவமனையில் அதே நோயோடு வருபவருக்கு அது உதவுவதில்லை. இதை மாற்றித் தர வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

இரண்டு துறைகள் சேர்ந்து மனுக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. வெளியே தோலில் தெரியும் சில நோய்களுக்கு வேர் குடலில் இருக்கிறது. உதட்டில் உள்ள கரும்புள்ளிகளை எடுத்துவிடக் கேட்டு இளவயதினர் பிளாஸ்டிக் சர்ஜரி ஓபிக்கு வருவார்கள். பெரும்பாலும் கவலைப்பட ஒன்றும் இருக்காது. ஆனால் அதே புள்ளிகள் கன்னத்தின் உட்புறத்திலும் விரல்களிலும் இருந்தால், வயிறு அடிக்கடி முறுக்கி வலிக்கிறதா, மலத்தில் ரத்தம் போகிறதா என்று கேட்டாக வேண்டும். அது பியூட்ஸ்–ஜெகர்ஸ் நோயாக இருக்கலாம். அந்நோயில் சிறுகுடலில் வளரும் பாலிப்புகள் (சதை வளர்ச்சிகள்) குடலைக் குடலுக்குள்ளேயே செருகி அடைத்துவிடும். தாடை எலும்பில் கட்டி, தோலில் ஆங்காங்கே நீர்க்கட்டி என்று வருபவருக்குக் கார்ட்னர் நோய் இருந்தால், பெருங்குடலில் நூற்றுக்கணக்கான பாலிப்புகள் இருக்கக்கூடும். கவனிக்காமல் விட்டால் அவை ஏறக்குறைய உறுதியாகப் புற்றுநோயில் முடியும். கட்டியை அழகாக அகற்றித் தழும்பு தெரியாமல் தைத்து அனுப்பிவிட்டு, கொலனோஸ்கோப்பிக்கு (பெருங்குடலுக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் சோதனை) எழுதாமல் விட்டால் அந்த ஆபரேஷனால் என்ன பயன்?

இவற்றையெல்லாம்விட எங்களை வருத்துவது பயோடெர்மா கேங்ரினோசம். மார்பகத்திலோ வயிற்றிலோ ஆபரேஷன் முடிந்த சில நாட்களில் தையல் ஓரம் சிவந்து, கொப்பளித்து, புண்ணாகிறது. காய்ச்சலும் இருக்கும். பார்ப்பவர்கள் சீழ் பிடித்துவிட்டது என்றே நினைப்பார்கள். ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றிக் கொடுத்தும் கேட்காது. புண்ணிலிருந்து எடுத்து லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் கிருமி வளராது. அழுகிய சதை என்று வெட்டி எடுத்தால் மறுநாள் புண் இன்னும் அகலமாகும். மூடுவதற்குத் தொடையிலிருந்து தோல் எடுத்தால், எடுத்த இடத்திலும் புண் கிளம்பலாம். இது தொற்றே அல்ல. உடலின் எதிர்ப்பு சக்தி தன் திசுவையே தாக்குவது. கத்தி படப் படப் பெருகும். இந்நோயாளிகளில் பலருக்குக் குடல் அழற்சி நோய் இருக்கும்.

அப்படியொரு பெண் வேறொரு மருத்துவமனையிலிருந்து எங்களிடம் அனுப்பப்பட்டார். பலமுறை சதை வெட்டப்பட்டிருந்தது. டிரஸ்ஸிங்கைப் பிரித்தபோது புண்ணின் விளிம்பு ஊதா நிறத்தில், அடியில் குடைந்தாற்போல் இருந்தது. பஞ்சு படுவதைக்கூட அவரால் தாங்க முடியவில்லை. மலம் கழிப்பதில் தொந்தரவு உண்டா என்று கேட்டதற்கு, பல வருடங்களாக ரத்தமும் சளியும் போவதாகவும், புண்ணுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது என்று தான் சொல்லவில்லை என்றும் கூறினார். யாரும் அவரைக் கேட்டதில்லை. பயாப்ஸியும் (திசுப் பரிசோதனை) கொலனோஸ்கோப்பியும் செய்து, ஸ்டீராய்டு தொடங்கிய பிறகு வலி குறைந்தது, புண் பரவுவது நின்றது. முன்பு பார்த்த மருத்துவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இந்த நோயை ஒரு மருத்துவர் தம் பணிக்காலத்தில் ஓரிரு முறை பார்த்தாலே அதிகம். பார்த்தவர் சொன்னால்தானே பார்க்காதவருக்குத் தெரியும்?

ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சான்று இருக்கிறது. மார்பகத்தில் பொருத்தும் செயற்கைப் பொதியைச் (இம்ப்ளான்ட்) சுற்றி அரிய வகை லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) வந்த நோயாளியைப் பற்றி 1997-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். அதன்பின் ஒவ்வொன்றாகக் குறிப்புகள் சேர்ந்தன. 2011-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. 2019-இல் அதன் கோரிக்கையின் பேரில், சொரசொரப்பான மேற்பரப்புள்ள குறிப்பிட்ட வகைப் பொதிகள் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. அதற்கு வெகுகாலம் முன்பே, 1842-இல், கடும் தீக்காயம் பட்டவர்களுக்கு முன்சிறுகுடலில் புண் வருவதைத் ஆங்கிலேய அறுவைச் சிகிச்சை மருத்துவர் தாமஸ் கர்லிங் நோயாளிகளின் குறிப்புகளைத் திரட்டி எழுதினார். இன்று தீக்காய ஐசியூவில் அமிலம் குறைக்கும் மருந்து கொடுப்பதும் விரைவிலேயே குழாய் வழி உணவு தொடங்குவதும் அந்த அறிவின் வழி வந்தவையே.

எனவே, இரு துறைகளுக்கும் பொதுவாக ஒரு கணினிப் பதிவேடு தொடங்க ஆணையிட வேண்டுகிறோம். படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது; நீண்டால் இரவுப் பணி மருத்துவர் நிரப்ப மாட்டார். வந்த தொந்தரவு, முதலில் என்ன நோய் என்று நினைத்தோம், கடைசியில் என்னவாக இருந்தது, எந்தத் தடயத்தைக் கவனித்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும் ஆகிய நான்கும் போதும். இரண்டாவது கேள்விக்கு உண்மையான பதில் வர வேண்டுமானால், பதிவேட்டில் எழுதியதை வைத்து யாருக்கும் மெமோ கொடுக்கவோ துறை நடவடிக்கை எடுக்கவோ கூடாது என்று ஆணையிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். இது இல்லாவிட்டால் பதிவேடு வெற்றுக் காகிதம்தான்.

நோயாளியின் சம்மதம் இல்லாமல் எதுவும் பதிவாகக் கூடாது. 1822-இல் துப்பாக்கிக் குண்டு பட்டு, வயிற்றில் ஆறாத துளையோடு பிழைத்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டினை வைத்து அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் செய்த சோதனைகள் செரிமானம் பற்றிய அறிவை வளர்த்தன. ஆனால் அந்த ஏழைத் தொழிலாளி பல ஆண்டுகள் சோதனைப் பொருளாகவே இருந்தார். அந்த நிலை எங்கள் நோயாளிகளுக்கு வர வேண்டாம். சம்மதப் படிவம் அவர்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். மறுத்தாலும் சிகிச்சையில் குறை இருக்காது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். பிளாஸ்டிக் சர்ஜரியில் முகம்தான் பெரும்பாலும் படமாகிறது. கண்ணின் மேல் கறுப்புப் பட்டை போட்டால் மட்டும் ஆளை மறைத்துவிட முடியாது. சொந்த செல்போனில் படம் எடுப்பதைத் தடுத்து, துறைக்கென ஒரு கேமரா ஒதுக்கினால் நல்லது.

மாதம் ஒருமுறை இரு துறைகளும் நோய்க்குறியியல், தோல் மருத்துவத் துறைகளோடு கூடிப் பேச நேரம் ஒதுக்கித் தரவும் வேண்டுகிறோம். பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு இதைவிட நல்ல வகுப்பு கிடையாது.

பதிவேட்டில் ஒரே மாதிரியான பாதிப்பு மீண்டும் தென்பட்டால், எல்லா மருத்துவமனைகளுக்கும் உடனே சுற்றறிக்கை போக வேண்டும். குழந்தைகள் விழுங்கும் பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் திசுவை அரித்துவிடும். பிழைக்கும் சில குழந்தைகளுக்குச் சுருங்கிய குழாய்க்குப் பதிலாக வேறு குழாய் அமைக்க எங்கள் இரு துறைகளுமே தேவைப்படும். இத்தகைய செய்தி காத்திருக்கக் கூடாது.

புதிய கட்டடமோ புதிய பணியிடமோ நாங்கள் கேட்கவில்லை. மாதிரிப் படிவத்தையும் சம்மதப் படிவத்தின் வரைவையும் இணைத்துள்ளோம். எங்கள் இரு துறைகளிலும் ஓராண்டுக்குச் சோதனை முறையில் நடத்திப் பார்க்க அனுமதி அளித்தால், ஆண்டு முடிவில் அறிக்கை சமர்ப்பிக்கிறோம். தாங்கள் குறிப்பிடும் நாளில் நேரில் வந்து விளக்கவும் தயாராக உள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரு துறை மருத்துவர்கள்

இணைப்பு: மாதிரிப் படிவம், சம்மதப் படிவ வரைவு