விளையாட்டுச் சாமான் இல்லை மச்சான்

ஹட்டன்

அன்புள்ள ரவி,

சுகமா? பதில் போடாமல் இவ்வளவு நாள் இழுத்தடித்ததற்கு நீ எவ்வளவு திட்டினாலும் தகும். இங்கே எல்லாரும் சுகம். மழையோடு அம்மாவின் மூட்டுவலி கூடியிருக்கிறது. குமார் இன்னும் அதே மோட்டர் சைக்கிளைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திரையில் படம் வரைய வைத்துப் புரோகிராம் எழுதப் பழக்குகிற அந்தப் புரொசெசிங்கில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஜாவா மொழி வராது, அது வெறும் விளையாட்டுச் சாமான் என்று போனில் சொன்னாயே, அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. என் பின்னேர வகுப்புக்கு டிக்கோயாவிலிருந்து ஒரு பிள்ளை வருகிறாள். திரையில் மழை பெய்ய வைப்பாள். ஒவ்வொரு துளியும் தனி ஆப்ஜெக்ட், எல்லாவற்றையும் அரே என்கிற வரிசையில் போட்டு, திரும்பத் திரும்ப ஓடுகிற லூப்பில் ஓட்டுவாள். போன கிழமை அவளை வெறும் ஜாவாவில் எழுதச் சொன்னேன். தசம எண் வைக்கிற ஃப்ளோட் ஒன்றுக்கு 0.5 என்று கொடுத்தாள், எழுதியதைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றுகிற கம்பைலர் ஏற்கவில்லை. “சேர், அங்கே ஓடியதே, இங்கே ஏன் பிழை?” என்று முகம் வாடிப்போய்க் கேட்டாள்.

அங்கே ஓடியதற்குக் காரணம், புரொசெசிங் அவளுக்குச் சொல்லாமலே அந்த 0.5க்குப் பின்னால் இது ஃப்ளோட் என்று ஜாவாவுக்குக் காட்டுகிற ஓர் எஃப் எழுத்தைச் சேர்த்ததுதான். புரோகிராம் முழுவதையும் உள்ளே வைக்கிற வெளிக் கிளாஸையும் அதுவே சுற்றிக் கட்டித்தான் ஜாவா கம்பைலரிடம் கொடுக்கிறது. 2001இல் கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் அதைத் தொடங்கியபோது ஓவியம், வடிவமைப்புப் படிக்கிறவர்களும் புரோகிராம் எழுத வேண்டும் என்று நினைத்தார்கள், அதனால் மறைத்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் கடைசிவரை மறைத்தே வைத்திருந்தால் பிள்ளை ஏமாந்துபோகும். அந்த அளவில் உன் கோபம் சரி.

அதற்காக ஜாவாவே வராது என்று எப்படிச் சொல்வாய்? அந்த லூப்பும் அரேயும் மழைத்துளிக்கான கிளாஸும் அவள் கையால் எழுதிய அசல் ஜாவா. கட்டைகளை அடுக்கிப் புரோகிராம் செய்கிற ஸ்கிராட்ச் வேறு கதை. 2019இல் வந்த ஸ்கிராட்ச் 3 ஜாவாஸ்கிரிப்டில் செய்தது, ஆனால் கட்டைகளை அடுக்குகிற பிள்ளை அதில் ஒரு வரிகூடப் பார்ப்பதில்லை. புரொசெசிங்கில் அப்படியில்லை.

அவளுடைய மழையையே எக்ஸ்போர்ட் செய்து, கூடவே வருகிற ஜாவா கோப்பைத் திறந்து காட்டினேன். தான் எழுதிய வரிகளைச் சுற்றி என்னென்ன ஏறியிருக்கிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தவள், அந்த எஃப்பைத் தானே கண்டுபிடித்தாள். அதன் பிறகு வெறும் ஜாவா அவளுக்கு அந்நியமாகத் தெரியவில்லை. இனி எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தக் கோப்பைச் சீக்கிரமே திறந்து காட்டப் போகிறேன்.

டிசம்பர் லீவுக்கு வரும்போது எங்களுக்கு ஒரு பின்னேரம் ஒதுக்கு. நீயே அவளுக்கு ஒரு வேலை கொடு, புரொசெசிங் இல்லாமல் எழுதட்டும். அப்புறம் பேசுவோம்.

அன்புடன்,
செல்வா