கோப்பு உன் மேஜையில் இருக்கும்போது

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை உறுதியானதில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. சரி, நீ கடைசியில் போகிறபோக்கில் எழுதிய விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் கம்பெனி இப்போதே ஆலோசகர் பதவி பேசுகிறது என்றும், ஓய்வுபெற்று ஒரு வருஷம் கழித்துச் சேர்ந்தால் யாருடைய அனுமதியும் தேவையில்லை என்றும் எழுதியிருக்கிறாய். விதிப்படி சரிதான். நம்மைப் போன்ற மத்திய அரசின் உயர்நிலை (குரூப் ஏ) அதிகாரிகள் ஓய்வுக்குப் பின் அனுமதியில்லாமல் தனியார் வேலையில் சேர முன்பு இரண்டாண்டுத் தடை இருந்தது. 2007இல் அதை ஓராண்டாக்கினார்கள். குறைத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. உன் செக்‌ஷனில் இருப்பவர்கள் நீ வருடாந்தர மதிப்பீடு எழுதிய பிள்ளைகள். நீ போன் செய்தால் எழுந்து நின்று "சொல்லுங்க சார்" என்பார்கள். கம்பெனியின் பில் எங்கே நிற்கிறது என்று நீ கேட்டால், சொல்ல முடியாது என்று மறுக்க அவர்களுக்கு வாய் வருமா?

ஆனால் எனக்கு அதைவிடக் கவலை, ஓய்வுக்கு முன் மிச்சமிருக்கும் மாதங்கள்தான். அந்தக் கம்பெனியின் டெண்டர் கோப்பு இன்றும் உன் மேஜைக்கு வருகிறதே.

அமெரிக்க விமானப்படையில் கொள்முதல் பிரிவின் உயர் அதிகாரியாக இருந்தவர் டார்லீன் ட்ரூயன். போயிங் கம்பெனியின் டேங்கர் விமான (பறக்கும்போதே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் விமானம்) ஒப்பந்தம் அவர் கையில் இருந்தபோதே, 2002 அக்டோபரில், அதே கம்பெனியின் நிதித் தலைவர் மைக்கேல் சியர்ஸுடன் தன் வேலைக்குப் பேசினார். மகளும் மருமகனும் ஏற்கெனவே அங்கே வேலையில் இருந்தார்கள். 2003இல் சேர்ந்தார், அந்த ஆண்டே விஷயம் வெளிவந்து வேலை போனது. 2004இல் ஒன்பது மாதச் சிறை. விலை பேசியதில் போயிங்குக்குச் சாதகமாக நடந்ததை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். சியர்ஸும் சிறை போனார், டேங்கர் ஒப்பந்தமும் ரத்தானது. இத்தனையும் அவர் பதவியில் இருந்தபோது நடந்த பேச்சால் வந்தது.

நம் நடத்தை விதியும் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. உன் மகள் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தால், அந்தக் கோப்பை நீ தொடாமல் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். உனக்கே வேலை தருவதாகச் சொல்கிறார்கள் என்றால்? பணியோடு மோதும் சொந்த நலன் இருந்தால் அதைத் தெரிவிக்க வேண்டும் என்று 2014இல் தனியாகவே சேர்த்தார்கள்.

அதனால் நாளைக்கே செயலாளருக்கு ஒரு குறிப்பு எழுது. இந்தக் கம்பெனி என்னிடம் வேலை பேசியிருக்கிறது, கோப்பை வேறொருவருக்கு மாற்றுங்கள் என்று இரண்டு வரி போதும். வாயால் சொல்லிவிட்டு வராதே, எழுத்தில் இருக்கட்டும். கம்பெனிக்கும், ஓய்வுபெறும் வரை இந்தப் பேச்சே வேண்டாம் என்று எழுதிவிடு.

ஓராண்டு காத்திருக்காமல் சேர நினைத்தால் விண்ணப்பம் போட வேண்டிவரும். கடைசி மூன்றாண்டில் நீ என்ன ரகசியத் தகவல் அறிந்திருந்தாய், அவர்கள் தரும் சம்பளம் அந்தத் தொழிலில் வழக்கமானதைவிட மிக அதிகமா என்றெல்லாம் பார்ப்பார்கள். அனுமதியில்லாமல் சேர்ந்தால் ஓய்வூதியத்தையே நிறுத்த விதி இருக்கிறது. பொதுத்துறை நிறுவனம் என்றால் இந்தத் தொல்லை கிடையாது, அதையும் யோசி.

குறிப்பு எழுதியதும் அனுப்பும் முன் எனக்குக் காட்டு. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்