கிழங்கு குளிரில் இருந்ததா? உறையில் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் கரையோரப் பூந்தோட்டத்தில் துலிப் பூத்துக் குலுங்கும் மாதங்களில், வீட்டிலும் ஒரு தொட்டி வைத்துப் பார்க்கலாமே என்ற ஆசை பலருக்கு வந்துவிடுகிறது. செடிக் கடைகளிலும் இணையத்திலும் துலிப், ஹயசிந்த் கிழங்குகள் கிடைக்கின்றன. ஆனால் அந்தக் கிழங்கு ஏற்கெனவே குளிரில் வைக்கப்பட்டதா இல்லையா என்பதைத்தான் உறையில் போடுவதில்லை.

நான் வாங்கிய பையில் பூவின் படம் பளிச்சென்று இருந்தது. கீழே, "அக்டோபரில் நடவும்" என்று ஒரு வரி. ஐரோப்பாவில் சரி, அக்டோபரில் மண்ணில் புதைத்தால் மிச்சத்தைப் பனிக்காலம் பார்த்துக்கொள்ளும். இங்கே அக்டோபரானாலும் ஏப்ரலானாலும் பகலில் முப்பது டிகிரிக்கு மேல்தான். கடைக்காரரைக் கேட்டால், "நட்டா வரும் ஆன்ட்டி" என்கிறார்.

வரும், இலை வரும். நல்ல துலிப் கிழங்கை நெடுக்காக வெட்டினால், வெள்ளைச் செதில்களுக்கு நடுவே மணி அளவில் மொட்டு உட்கார்ந்திருப்பது தெரியும். அதாவது பூ உள்ளே தயார். அதைத் தூக்கி நிறுத்தும் தண்டு நீள வேண்டுமானால், கிழங்கு பல வாரம் குளிரில் கிடந்திருக்க வேண்டும். துலிப்புக்கு 12 முதல் 16 வாரம், ஹயசிந்த்துக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. 5 முதல் 9 டிகிரி போதும். குளிர் பற்றாவிட்டால் மொட்டு இலைகளுக்குள்ளேயே முடங்கிக் கருகிவிடும்.

குளிரூட்டாத கிழங்கு என்றால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டே கதி. உறைபெட்டியில் வைத்தால் செத்துவிடும். காகிதப் பையோ வலைப் பையோ நல்லது. பிளாஸ்டிக் பையில் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பக்கத்தில் ஆப்பிள், மாம்பழம், வாழைப்பழம் கூடவே கூடாது. பழுக்கும்போது அவை விடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும். பூசைக்கு வாங்கிய பழம் எப்போதும் இருக்கும் நம் வீட்டு ஃபிரிட்ஜில் இது லேசான காரியமில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கிழங்குகள் பார்க்க அசல் வெங்காயம் மாதிரியே இருக்கும். ஆனால் நச்சுள்ளவை. அவசரத்தில் யாராவது சாம்பாருக்கு உரித்துவிட்டால்? ஹயசிந்த் கிழங்கைத் தொட்டாலே சிலருக்குக் கை அரிக்கும். இதையாவது கொட்டை எழுத்தில் போடக் கூடாதா?

இத்தனை பாடுபட்டாலும் நம் வெயிலில் பூ சில நாள்தான் நிற்கும். மறு ஆண்டு அதே கிழங்கு பூப்பது அரிது. என்னைக் கேட்டால், குளிரே கேட்காத அமரில்லிஸ்ஸும் சீனப் புத்தாண்டுக்கு விற்கும் நார்சிசஸும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்கு எவ்வளவோ மேல். நார்சிசஸைத் தண்ணீரில் வைப்பவர்கள் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றிவிடுங்கள், ஏடிஸ் கொசு காத்திருக்கிறது.

துலிப்தான் வேண்டும் என்பவர்களுக்காக விற்பனையாளர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: குளிரூட்டியதா, எத்தனை வாரம், உண்ணக் கூடாது. உறையின் பின்பக்கம் சும்மாதானே கிடக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தோ பாயோ