'தொண்டைத் தொற்று' என்று எழுதினால் போதுமா?

ஆசிரியருக்கு,

நள்ளிரவில் குழந்தை நாய் குரைப்பதுபோல் இருமினால் பெரும்பாலும் அது குரூப் (croup) என்ற நோய். வைரஸால் குரல்வளையும் மூச்சுக்குழாயும் வீங்குவதால் வருவது. ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்சாமெத்தசோன் ஒரே வேளை, உடல் எடையில் கிலோவுக்கு 0.15 முதல் 0.6 மி.கி. வரை போதும். பார்த்தும் கேட்டுமே கண்டுபிடித்துவிடலாம். எக்ஸ்ரே, ஊசி என்று அழவைத்தால் மூச்சுத்திணறல்தான் கூடும். தாய் மடியிலேயே வைத்துப் பாருங்கள்.

மருத்துவர்கள் எழுதும் சீட்டிலோ 'தொண்டைத் தொற்று' என்று ஒரே வரி! அடுத்து பார்ப்பவருக்கு அதில் என்ன தெரியும்? மூச்சை இழுக்கும்போது கேட்கும் கரகரப்பு அழும்போது மட்டுமா, அமைதியாக இருக்கும்போதுமா என்பதே முக்கியம். நெஞ்சு உள்வாங்குகிறதா, எடை எவ்வளவு, மருந்து கொடுத்த மணி என்ன என்பதையும் எழுத வேண்டும். வீக்கம் தணிய ஆவியாக மூச்சில் இழுக்கவைக்கும் அட்ரினலின் மருந்தின் (நெபுலைசர்) பலன் 2 மணி நேரத்தில் தணிந்து, திணறல் திரும்பலாம். நேரம் குறிக்காவிட்டால் குழந்தையைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆக்சிஜன் அளவு கடைசியில்தான் குறையும், அதை மட்டும் நம்பக் கூடாது.

நோய்க் குறியீட்டிலும் குழப்பம். அடைப்பில்லாத குரல்வளை-மூச்சுக்குழாய் அழற்சிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10இல் ஜே04.2, குரூப்புக்கு ஜே05.0.

இருமல் இல்லாமல் கடும் காய்ச்சலும் எச்சில் ஒழுகலுமாகக் குழந்தை முன்சாய்ந்து உட்கார்ந்திருந்தால் அது குரூப் அல்ல, குரல்வளையின் மேலுள்ள மூடி (எபிகிளாட்டிஸ்) வீங்கியிருக்கலாம். வாய்க்குள் குச்சி விடாமல் உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

குழந்தைநல மருத்துவர்,
மதுரை