விற்காமல் காத்தவர்களும் விற்காதிருக்க உதவிய சட்டமும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கலிபோர்னியாவின் லிவர்மோர் பள்ளத்தாக்கில் வென்டே குடும்பம் 1883 முதல் ஐந்து தலைமுறைகளாகத் திராட்சைத் தோட்டத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் பேணிவருவதைப் பற்றிப் பேசுவோர், பெரும்பாலும் அக்குடும்பத்தின் மனஉறுதியைப் பாராட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பாராட்டு அவர்களுக்கு உரியதுதான். ஆனால், அப்பகுதி நிலங்கள் வீட்டுமனைகளாகிவிடாமல் இருப்பதில் அரசின் சட்டத்துக்கும் பங்குண்டு என்பதை நினைவூட்டவே இதை எழுதுகிறேன்.

ஜெர்மனியிலிருந்து குடியேறிய கார்ல் வென்டே ஏறக்குறைய 50 ஏக்கரில் தொடங்கினார். அவர் மகன் எர்னஸ்ட், 1912இல் பிரான்சின் மோன்பெலியேயிலிருந்து வந்த, ஷார்டனே என்னும் வெள்ளை ஒயின் திராட்சை வகையின் கொடிக்குச்சிகளை நட்டு, நன்கு காய்த்த கொடிகளாகப் பார்த்துத் தேர்ந்து, அவற்றிலிருந்தே மேலும் குச்சி வெட்டிப் பெருக்கினார். இன்று அம்மாநிலத்தின் ஷார்டனே கொடிகளில் பெரும்பகுதி அந்தத் தேர்வின் வழிவந்தவை. குலை சிறியதாகத்தான் இருக்கும். கையில் ஏந்திப் பார்த்தால் பருத்த மணிகளுக்கிடையே மிளகைப் போன்ற சின்னஞ்சிறு மணிகளும் நெருங்கி நிற்கும். 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கில் ஒயின் ஆலைகள் பல மூடப்பட்டபோது, திருப்பலிக்கான ஒயினைத் தயாரித்து இக்குடும்பம் தாக்குப்பிடித்தது.

அதைவிடக் கடினமான சோதனை வீட்டுமனை வடிவில் வந்தது என்றே நான் கருதுகிறேன். 1952இல் அங்கே தேசிய ஆய்வுக்கூடம் அமைந்தபின் ஊர் வேகமாக வளர்ந்தது. மனை விலையைக் கணக்கிட்டு வரி விதித்தால், திராட்சை விற்ற பணத்தில் அதைக் கட்டி நிலத்தை வைத்துக்கொள்ள எந்த விவசாயியாலும் இயலாது. 1965இல் இயற்றப்பட்ட வில்லியம்சன் சட்டம் இதற்கு வழிசெய்தது: குறைந்தது பத்தாண்டுகளுக்கு வேளாண்மை அல்லது அதற்கு இசைவான பயன்பாட்டைத் தவிர வேறெதற்கும் பயன்படுத்துவதில்லை என்று கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) நிர்வாகத்துடன் ஒப்பந்தம் செய்யும் உரிமையாளரின் நிலத்துக்கு, சந்தை விலையை விடுத்து விளைச்சல் வருமானத்தின் அடிப்படையில் வரி கணக்கிடப்படுகிறது. ஒப்பந்தமோ ஆண்டுதோறும் தானே நீள்கிறது. பின்னர் 1993இல் லிவர்மோர் அடங்கிய ஆலமெடா கவுண்டி வகுத்த தெற்கு லிவர்மோர் திட்டம், வீடு கட்ட எடுக்கும் நிலத்துக்கு ஈடாக வேளாண் நிலத்தை நிரந்தரமாகப் பாதுகாக்க வகைசெய்தது.

இச்சட்டத்தால் கவுண்டிகள் இழக்கும் வரிக்கு மாநில அரசு முன்பு ஈட்டுத்தொகை வழங்கிவந்தது. 2009இன் நிதி நெருக்கடியில் அது ஏறக்குறைய முழுதும் வெட்டப்பட்டது. வருவாய் குறைந்த கவுண்டிகள் இத்தகைய ஒப்பந்தங்களைத் தொடரத் தயங்கினால், நிலத்தை விற்க மனமில்லாத பிள்ளைகளும் விற்கத்தான் நேரும். ஆகவே அந்த ஈட்டுத்தொகையை மாநில அரசு மீண்டும் முழுமையாக வழங்க வேண்டும். அங்கு வாழும் தமிழர்களும் தங்கள் சட்டமன்ற உறுப்பினர்களிடம் இதை வலியுறுத்த வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்