'இதர' என்று எழுதிப் போன பட்டறை

தீ விபத்துச் சேதம் கணக்கெடுக்க வரும் வருவாய்த் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூர் ஓவியம் போடுகிறவன் நான். போன வைகாசியில் ஒரு ராத்திரி வீடும் பின்கட்டில் இருந்த பட்டறையும் எரிந்துபோயின. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அறிக்கையில் மின்கசிவு என்று இருக்கிறது, இருக்கலாம். ஆனால் வார்னிஷ் டின்னையும் டர்பன்டைனையும் பலகை அடுக்கிய பரணுக்குக் கீழேயே வைத்தவன் நான்தான். இன்ஷூரன்ஸும் எடுக்கவில்லை. அதற்காக யாரையும் குறை சொல்லி இதை எழுதவில்லை.

மூன்றாம் நாள் உங்களில் ஒருவர் வந்தார். நல்ல மனிதர். கூரை போன வீட்டுக்குள் வரவும் செருப்பைக் கழற்றப் போனார். ஆணி கிடக்கிறது, போட்டுக்கொண்டே வாருங்கள் என்றேன். கட்டில், பீரோ, கிரைண்டர், பாத்திரம் எல்லாவற்றையும் எழுதினார். பட்டறைப் பக்கம் வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"இங்கே என்ன இருந்தது?"

"படம் சார். முடிந்தது 4, முடியாதது 7."

"முடியாததுக்கு எப்படி விலை போடுவது?"

எனக்கும் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் 'மரச்சாமான், இதர' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அந்த 'இதர'வில் என்ன இருந்தது என்று அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் படத்துக்குப் பழைய பெயர் பலகைப் படம். அந்தக் காலத்தில் பலா மரப் பலகை, இப்போது பிளைவுட். அதன் மேல் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் கலந்து பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூச வேண்டும். அப்புறம் கோடு. கோட்டின் மேல் கல் பதிப்பு. சுண்ணப் பொடியும் பசையும் சேர்த்துப் பிசைந்த மக்கு வைத்து நகை, மண்டபம், தூண் எல்லாம் மேடாக எடுப்போம். மக்கு நன்றாகக் காய்ந்தால்தான் 22 காரட் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, ஒட்ட முடியும். வண்ணம் அதற்குப் பிறகு. கண் எழுதுவது எல்லாவற்றுக்கும் கடைசி. அந்த ஏழில் ஒரு வெண்ணெய்க் கிருஷ்ணனுக்குக் கண் மட்டும்தான் பாக்கி. உங்கள் பாரத்தில் அது 'முடியாதது'. இரண்டு மாத வேலை, மூன்று பேருக்குக் கூலி கொடுத்தாகிவிட்டது, ரேக்குக்கு வாங்கிய கடன் தனி.

படமாவது போகட்டும், மறுபடி போடலாம். அப்பா விட்டுப் போன கோட்டுத் தாள்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்திய தாள்கள் அவை. பலகையில் விரித்துக் கரித்தூள் முடிச்சால் தட்டினால் உருவம் இறங்கிவிடும். ராமர் பட்டாபிஷேகத்தில் யார் எங்கே நிற்பார், அனுமார் எந்த முழங்காலை மடிப்பார் என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. தகரம் நின்றது, உள்ளே கறுப்புச் சருகு. எடுத்தேன், உதிர்ந்தது.

இதற்கு உங்களிடம் விலை கேட்கவில்லை. கேட்பது வேறு. பேரிடர் நிவாரணத்துக்கான அரசு விதிமுறையில் தீயும் ஒரு பேரிடர்தான். அதிலேயே கைவினைஞர்களுக்கென்று தனித் தலைப்பு இருக்கிறது. சேதமான கருவிகளுக்கு ஒன்று. மூலப்பொருள், பாதி வேலையில் இருப்பது, முடிந்த சரக்கு ஆகியவற்றுக்கு இன்னொன்று. பாதி வேலையில் இருப்பதையும் எழுதலாம் என்று விதியே சொல்கிறது. தொகை சில ஆயிரம்தான், ஒரு படத்தின் ரேக்குச் செலவுக்குக்கூட வராது. ஆனாலும் பட்டறை என்று ஒன்று இருந்தது, அது போய்விட்டது என்று அரசாங்கக் காகிதத்தில் ஒரு வரி வேண்டுமே. நாளைக்குக் கடன் கேட்டுப் போகும் இடத்தில் 'இதர'வைக் காட்டி என்ன வாங்க முடியும்?

இன்னொரு சங்கதி. கைவினைஞர் அடையாள அட்டையின் அசலைக் கொண்டுவரச் சொன்னார்கள் ஓர் அலுவலகத்தில். எரிந்த வீட்டுக்காரனிடம்! சிரிப்புத்தான் வந்தது, வீட்டுக்காரி சிரிக்கவில்லை. எண் தெரிந்தால் பதிவேட்டில் நீங்களே பார்த்துக்கொள்ளக் கூடாதா?

ஒரு மாதம் பிரஷைத் தொடவில்லை. மச்சான் வீட்டு மாடியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் நினைவிலிருந்து கோடு போட்டுப் பார்த்தேன். கிருஷ்ணனின் முழங்கால் வந்தது, வெண்ணெய் ஏந்திய விரல்கள் வரவில்லை. பத்து நாள் போராடினேன். அப்பாவிடம் படம் வாங்கிய திருச்சிக்காரர் ஒருவருக்கு விஷயம் தெரிந்து, பூஜை அறைப் படத்தைப் போனில் எடுத்து அனுப்பினார். ஊதுவத்திப் புகை படிந்த கண்ணாடி, நடுவில் போன் பிடித்த அவர் கை. அந்தக் கை மறைக்காத இடத்தில் நல்லவேளையாக விரல்கள் இருந்தன. பெரிதாக்கி, மேலே தாள் வைத்து, ஊசியால் குத்தி எடுத்தேன். இதுவரை 5 தாள் ஆகியிருக்கிறது.

மறு ஆய்வுக்கு மனு கொடுத்திருக்கிறேன். யாராவது வரும்போது தயவுசெய்து பட்டறைக்குத் தனியாக ஒரு தாள் கொண்டுவாருங்கள். பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாக நானே சொல்கிறேன்.

நகைப் பட்டறைகளில் மண் அரித்துத் தங்கம் எடுப்பவர் ஒருவர் இரண்டு தடவை வந்துவிட்டார். தங்கம் உருக ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும், ரேக்கு எங்கேயும் போயிருக்காது, சாம்பலைக் கொடுங்கள் என்கிறார். விலையும் சொன்னார். நீங்கள் வந்து பார்க்கட்டும் என்று கொடுக்காமல் இரண்டு சாக்கில் கட்டிக் கொல்லையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
தஞ்சாவூர் ஓவியர் ஒருவர்