பதினொன்றாம் வகுப்பில் வரலாறு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்த நாளிலிருந்து என் அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சு காலியாக இருந்ததே இல்லை. வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது முதல் குரூப். வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் அடங்கிய பிரிவைக் கேட்பவர்களோ ஏதோ தப்பு செய்துவிட்டவர்களைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். போன வாரம் ஒரு தந்தை வந்தார். மகள் 460க்கு மேல் வாங்கியிருக்கிறாள், ஆனாலும் வரலாறுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள், நீங்கள்தான் நல்ல புத்தி சொல்ல வேண்டும் என்றார். அன்று கூட்டத்தில் அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதை எல்லோருக்குமாக இப்போது எழுதுகிறேன்.

நான் கணித ஆசிரியன். கணக்கு வராத பிள்ளைகளை "அந்தப் பக்கம் போ" என்று அனுப்பியவர்களில் நானும் ஒருவன். அந்த எண்ணம் ஆட்டம் கண்டது சென்ற ஆண்டு, பதினொன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வரலாற்றுப் பாடவேளையைக் கவனித்தபோதுதான்.

அன்றைய பேச்சு பக்கிங்காம் கால்வாய். நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு தினமும் கடக்கிற அதே கால்வாய்தான். திருமயிலை பறக்கும் ரயில் நிலையமே அதன் மேல்தான் நிற்கிறது. 1876இல் மழை பொய்த்துச் சென்னை மாகாணம் பெரும் பஞ்சத்தில் விழுந்தது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் தூரம் 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. கால்வாய்க்கு அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர்.

பஞ்ச நிலையைப் பார்வையிட மேலிடத்திலிருந்து வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணா காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், உடலுழைப்பவனுக்கு அது போதவே போதாது, பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று எதிர்த்து எழுதினார். இருவரும் ஒரே அரசாங்கத்தின் அதிகாரிகள்.

ஆசிரியை ஒரு தட்டில் அந்த ஒரு பவுண்டை, அதாவது ஏறக்குறைய 450 கிராம் அரிசியை, அளந்து கொட்டினார். "எங்கள் வீட்டில் இது மூன்று பேருக்கு வரும், தாராளம்தானே?" என்றாள் ஒரு மாணவி. வகுப்பில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். உண்மையைச் சொன்னால் நானும்தான். பின்னாலிருந்து ஒரு பையன் கேட்டான்: "குழம்பு?" அவன் அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். அவர் ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிடுவார் என்பது அவனுக்குத் தெரியும். அதன் பிறகு வகுப்பு தானாக நடந்தது. டெம்பிள் எதை வைத்துப் போதும் என்றார்? செலவைக் குறைக்கச் சொல்லி அனுப்பியவர்கள் யார்? கார்னிஷ் மருத்துவர் என்பதால் அவர் சொன்னதை அப்படியே நம்பிவிடலாமா? மண் சுமந்தவர்கள் எழுதி வைத்தது ஏதாவது உண்டா, இல்லையென்றால் அவர்கள் தரப்பை எங்கே தேடுவது? மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. என் முக்கோணவியல் வகுப்பில் அப்படி நடந்ததாக நினைவில்லை.

மேல்நிலை வகுப்பில் வரலாறு என்று நான் சொல்வது இதைத்தான். ஆண்டுகளை மனப்பாடம் செய்யும் வேலையும் இருக்கிறது, மறைக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் இந்திய தேசிய எழுச்சியில் தொடங்கி இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய உலகம் வரை போகிறது. படிக்க வேண்டியது ஏராளம். எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண். தட்டில் கொட்டிய அரிசியைப் பற்றி அந்தத் தேர்வில் யாரும் கேட்கப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

வேலைவாய்ப்பு பற்றி: இந்தப் பிரிவில் சேர்ந்தால் மருத்துவமும் பொறியியலும் கிடையாது. சட்டம், பி.காம்., பட்டயக் கணக்காளர் படிப்பு, வரலாற்றில் பட்டம், பிறகு குடிமைப் பணித் தேர்வுகள் என்று மற்ற வழிகள் திறந்தே இருக்கின்றன.

ஒரு வேண்டுகோள். கணக்குக்குப் பயந்து மட்டும் பிள்ளையை இங்கே சேர்க்காதீர்கள். கணக்குப்பதிவியல் அவனுக்காகக் காத்திருக்கிறது. கதைப் புத்தகம்கூடக் கையில் எடுக்காத பிள்ளைக்கும் இந்தப் பிரிவு பாரமாகத்தான் இருக்கும். ஆனால் ஆசைப்பட்டுக் கேட்கிற பிள்ளையை, மதிப்பெண் அதிகமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தடுக்காதீர்கள். 460 வாங்கிய அந்தப் பெண்ணுக்கு என் பதிவேட்டில் ஓர் இடத்தை ஒதுக்கி வைத்திருக்கிறேன். அவள் தந்தை இதைப் படித்தால் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு முறை வந்து பார்க்கட்டும்.

வகுப்பு தொடங்கிய பின் இரண்டாவது சனிக்கிழமை காலை 6.30 மணிக்குத் திருமயிலை நிலையத்திலிருந்து கால்வாயை ஒட்டித் திருவல்லிக்கேணி வரை மாணவர்களை நடத்தி அழைத்துப்போகிறோம். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தைப் பார்க்கவும் அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம். பதில் வந்ததும் தேதி சொல்கிறேன். நடைக்குப் பெற்றோரும் வரலாம். தண்ணீர் பாட்டில், தொப்பி, முகக்கவசம் அவசியம். இணைத்துள்ள ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்